நீரைத் தொடும் பட்டை

குடும்ப வரவு செலவைப் பற்றி இத்திங்கள் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது இன்னும் ஒரு மாதம் காத்திருக்கட்டும். நாம் அண்மையில் கண்ணால் கண்ட ஒரு வேலையைப் பற்றி, அது மனத்தில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிட விரும்புகிறோம். வேலை மிகச் சிறியது. ஒரு பாய்மரப் படகின் உடலில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நான்கு விரல் அகலத்தில் ஒரு நீலப் பட்டை தீட்டும் வேலை.

அடி அண்ணாமலையில் இருந்துகொண்டு படகைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் நகைக்கக்கூடும். உண்மைதான். நமக்குக் கடல் இல்லை. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே ஒதுங்கியிருக்கும் ஊர் இது. இங்குள்ள ஏரி குளங்களிலும் ஆண்டில் பல மாதம் கால் நனைக்கவே நீர் இராது. ஆனால் நம் பக்கத்தில் பட்டைகளுக்குப் பஞ்சமில்லை. கோயில் மதில்களிலும் மண்டபங்களிலும் வெள்ளையும் காவியுமாக மாறி மாறி ஓடும் பட்டைகளைப் பார்த்துக்கொண்டேதான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கார்த்திகைத் தீபம் நெருங்கினால் சுண்ணாம்பு வாளியும் கையுமாக ஆட்கள் சுவரோரம் அமர்ந்துவிடுவார்கள்.

அப்படிப் பட்டை அடிக்கும் பெரியவர் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன்னர் நம் ஆலயத்துக்கு வெள்ளை அடிப்பவரும் அவரே. அவர் வேலை செய்வதை நாம் பலமுறை நின்று பார்த்ததுண்டு. முதல் நாளே சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, கஞ்சியோ வச்சிரமோ சேர்த்து, ஒரு சிட்டிகை நீலமும் கலந்து வைத்துவிடுவார். மறுநாள் சுவரைச் சுரண்டுவார். பழைய பொருக்குகள் எல்லாம் உதிரும் வரையில் விடமாட்டார். சுரண்டிக்கொண்டே விரற் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டு போவார். கல்லைத் தட்டினாற்போல் ஓசை வந்தால் மேலே நகர்வார். பானையைத் தட்டினாற்போல் பொள்ளென்று கேட்டால், பூச்சு உள்ளே சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். அவ்விடத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசாமல் வெள்ளை அடிக்கமாட்டார். எல்லாம் முடிந்தபின் சுவர் முழுவதும் நீரை வாரித் தெளிப்பார். சுவர் நன்றாக நனைந்த பின்னரே மட்டையைக் கையில் எடுப்பார்.

இந்த நனைத்தலில் ஓர் அறிவியல் உண்டு. உலர்ந்த சுவர் சுண்ணாம்பிலுள்ள நீரை ஒரே மூச்சில் குடித்துவிடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லின் தன்மையை அடைவதற்குச் சுண்ணாம்புக்கு ஈரமும் வேண்டும், அவகாசமும் வேண்டும். இரண்டும் கிடைக்காவிடில் அது தூளாகவே நின்றுவிடும். திருவிழா நெரிசலில் சுவர்மேல் சாய்ந்தவர் முதுகைப் பார்த்தால், எந்தச் சுவர் நனையாமல் வெள்ளையடிக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

பெரியவருடைய ஒரே மகன் இந்தச் சுவர்களின் நிழலில் வளர்ந்தவன். வாளி தூக்கினான், மட்டை நசுக்கிக் கொடுத்தான், பன்னிரண்டு வயதிலேயே நூல் பிடித்து நேர்க்கோடு போடவும் கற்றுக்கொண்டான். பள்ளிப் படிப்புக்குப் பின்னர் புதுச்சேரிக்குச் சென்று, படகுகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கண்ணாடியிழையால் ஆன படகுகள் அவை. நம் மீனவர்கள் அவற்றைச் சுருக்கமாகப் பைபர் என்பார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டுமரமும் மரவள்ளமும் குறைந்து, நம் கடற்கரை நெடுகிலும் இவையே பெருகிவிட்டன.

உயிர்ப்புத் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்த அந்தப் பையன், திருப்பலி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அறைவீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் களை இல்லை. மெல்ல விசாரித்ததில் செய்தி வெளிவந்தது. இளைஞர்களுக்குப் பாய் விரித்து ஓட்டப் பயிற்றுவிக்கும் ஒருவருடைய படகுக்குப் பட்டை தீட்டும் வேலையை முதன்முறையாக இவனிடம் தனியே ஒப்படைத்திருக்கிறார்கள். தீட்டிய அன்று கண்ணாடிபோல் இருந்ததாம். படகு நீரில் இறங்கிய இருபதாம் நாள், பாம்பு சட்டை உரிப்பதைப்போல் பட்டை முழுவதும் உரிந்து தொங்கியதாம். சாயத்தின் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். மறுபடியும் தீட்டித் தர வேண்டும். அதுவும் உரிந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

“அப்பா சொல்லிக் கொடுத்தபடியேதான் சாமி செய்தேன். சுரண்டினேன், கழுவினேன், அப்புறம்தான் அடித்தேன்” என்றான்.

பின்னால் நின்றிருந்த பெரியவருக்கு இது சுருக்கென்று தைத்துவிட்டது. தம் கையால் அடித்த பட்டைகள் மூன்று மழைக்காலம் நிற்கும் என்பது அவருடைய பெருமை. “நான் வந்து பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னார். நமக்கும் அந்த வாரம் புதுச்சேரியில் ஓர் அலுவல் இருந்தது. மூவரும் ஒரே பேருந்தில் புறப்பட்டோம். வழியெல்லாம் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

நாம் சென்றது மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. முன்னர் 45 நாட்களாக இருந்த தடை 2017-இல் 61 ஆக நீண்டது. மீனவர் வீடுகளில் அடுப்பு சிறுக்கும் காலம் அது. ஆனால் துறைமுகத்தில் அப்போதுதான் ஓயாத ஒலி. படகுகள் கரையேற்றப்பட்டிருக்கும். ஒருபுறம் கலப்பற்று அடிப்பார்கள், அதாவது பலகைச் சந்துகளில் பஞ்சைத் திணித்து அடைப்பார்கள். ஒருபுறம் சுரண்டல், ஒருபுறம் சாயம். ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு படகின் அடிவயிற்றை மனிதன் காண முடிகிறது. அதன் நோயெல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வெளிப்பட வேண்டும்.

கொட்டகையில் நம் பையனுடைய படகு மரக்கட்டைகளின்மேல் நிறுத்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ 20 அடி நீளம். மேலே பால்வெள்ளை. கீழே நீருக்குள் முழுகும் பகுதியெல்லாம் செங்கல் நிறம். இரண்டுக்கும் நடுவே, கந்தலாய்த் தொங்கிய நீலம். இந்த மூன்று நிறமும் அழகுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. கடல்நீரில் கிடக்கும் எந்தப் பொருளின்மீதும் பாசியும், கொட்டலசு எனப்படும் ஓட்டுயிரியும் பற்றிக்கொள்ளும். பற்றினால் படகின் வேகம் குறைந்துபோகும். ஆதலின் நீருக்குள் முழுகும் பகுதிக்கு அவற்றைத் தடுக்கும் செம்புச் சத்துள்ள சாயம் பூசுகிறார்கள். மேலே உள்ள வெள்ளை வெயிலைத் தாங்குவதற்கு. நடுவிலுள்ள பட்டையோ நீரும் காற்றும் மாறி மாறி அடிக்கும் இடத்தில் நிற்கிறது. துறைமுகத்து எண்ணெய்க் கறையும் அழுக்கும் படிவது அங்கேதான். பாய்மரப் படகு காற்றில் ஒருபுறம் சாயும்போது முதலில் நீரில் தோய்வதும் அந்தப் பட்டையே.

நஞ்சுச் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டலசைக் கொல்லவென்று வெள்ளீயச் சேர்மம் ஒன்றைக் கலந்த சாயத்தைச் சில பத்தாண்டுகள் உலகமெங்கும் கப்பல்களுக்குப் பூசினார்கள். அது கொட்டலசோடு நில்லாமல் சிப்பிகளையும் நத்தைகளையும் பாழாக்கியது. 2001-இல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டு, 2008 முதல் அது தடை செய்யப்பட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நாம் இத்தகைய பாவத்துக்கு ஆளாகவில்லை என்று பெரியவர் சற்றுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

கப்பலின் பக்கத்தில் தீட்டிய கோடு மனித உயிரைக் காத்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்தில் பழுதுபட்ட கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பும் வழக்கம் இருந்தது. கப்பல் கரை சேர்ந்தால் இலாபம். முழுகினால் காப்பீட்டுத் தொகை. அவை சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைக்கப்படலாயின. சாமுவேல் பிலிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்துப் பல்லாண்டு போராடினார். 1873-இல் மாலுமிகளின் நிலையைக் குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். அதன் பயனாக, இவ்வளவுக்கு மேல் கப்பல் அமிழக்கூடாது என்று காட்டும் கோட்டைக் கப்பலின் பக்கத்தில் தீட்ட வேண்டும் என 1876-இல் சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே தீட்டுவது என்பதைக் கப்பல் முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள்! தனக்கு வசதியான உயரத்தில் கோடு போட்டுக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இராது? மேலும் 14 ஆண்டுகள் கழித்து, 1890-இல்தான் கோட்டின் இடத்தையும் அரசே வரையறுத்தது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் எந்தச் சரக்குக் கப்பலின் நடுப்பகுதியிலும் வட்டத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் அந்தக் கோட்டைக் காணலாம்.

சிறு படகின் பட்டைக்கு அத்தகைய சட்டம் கிடையாது. எனினும் அதே வேலையை அது செய்கிறது. கொட்டகையில் மூத்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். மீனவர் குடும்பத்தவர், பாய் வள்ளங்களில் சென்ற தலைமுறை. பனிக்கட்டியும் வலையும் மீனும் ஏற ஏறத் தம்முடைய தகப்பனார் எட்டி எட்டிப் பட்டையைத்தான் பார்ப்பார் என்றார். பட்டை முழுகிவிட்டால், எதிரே மீன் துள்ளினாலும் கரைக்குத் திரும்பிவிடுவார்களாம். லூக்கா நற்செய்தியில் புனித இராயப்பருடைய படகும் தோழர் படகும் மீன் நிறைந்து அமிழத் தொடங்கியதை நாம் எத்தனையோ முறை ஆலயத்தில் வாசித்திருக்கிறோம். அந்த அமிழ்தல் ஒரு மீனவர் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தோம்.

இப்போது உரிந்த பட்டைக்கு வருவோம். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. ஒரு குவளை நல்ல நீரை எடுத்துப் படகின் வெள்ளைப் பகுதியில் ஊற்றினார். நீர் பரவவில்லை. தாமரை இலையில் விழுந்ததைப்போல முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிட்டது.

“பார்த்தீர்களா பெரியவரே, இதற்குத் தாகமே கிடையாது” என்றார்.

பெரியவர் அந்த முத்துகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளாக அவர் கண்ட சுவர்கள் எல்லாம் நீர் குடிப்பவை. குடிக்காத சுவரை அன்றுதான் அவர் காண்கிறார்.

செய்தி இதுதான். கண்ணாடியிழைப் படகை அச்சில் வார்க்கிறார்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காக அதில் மெழுகு பூசுவார்கள். அந்த மெழுகு படகின் மேற்தோலில் தங்கிவிடும். பின்னரும் பளபளப்புக்காக ஆண்டுதோறும் மெழுகு தேய்ப்பார்கள். சவர்க்கார நீர் உப்பையும் தூசியையும் நீக்குமே தவிர மெழுகை நீக்காது. பையன் கழுவிவிட்டு, மெழுகோடு சேர்த்து உப்புத்தாள் தேய்த்துவிட்டான். தேய்க்கத் தேய்க்க மெழுகு அந்த நுண்ணிய கீறல்களுக்குள் இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு, ஊர்ப் பழக்கத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அந்த ஈரம் முழுதும் ஆறுமுன் உச்சி வெயிலில் சாயம் தீட்டியிருக்கிறான். தகப்பனார் சொல்லிக் கொடுத்தது எதுவும் தவறில்லை. அது சுவருக்குச் சொன்னது.

சரியான முறையை மேஸ்திரி செய்து காட்டினார். இரண்டு வெள்ளைத் துணிகள். ஒன்றை மெழுகு கரைக்கும் திரவத்தில் தோய்த்து ஒரே திசையில் துடைக்க வேண்டும். அது உலருமுன் மற்றொரு காய்ந்த துணியால் கரைந்ததை ஒற்றி எடுத்துவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் மெழுகு இடம் மாறுமேயன்றி வெளியேறாது. துணியின் முகத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். பின்னர் மறுபடியும் ஒரு குவளை நீர். இம்முறை நீர் திரளாமல் ஒரே திரையாக வழிந்தால், மெழுகு போயிற்று என்று கொள்ளலாம். அதன்பின், நன்றாக உலரவிட்ட பிறகே உப்புத்தாளைத் தொட வேண்டும். வெறுங்கையால் தேய்த்தால் விரல்கள் பதியும் இடம் மட்டும் பள்ளமாகும் என்பதால், தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். 220 எண் தாளில் தொடங்கி 320-இல் முடித்தார்கள். பழைய பட்டை அறவே போய்விட்டது.

இங்கே வாசகர்களுக்கு, சிறப்பாக இத்தொழிலில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோர்களுக்கு, ஒன்று கூறிக்கொள்கிறோம். அந்தத் தூளில் கண்ணாடியிழைத் துகள் கலந்திருக்கிறது. பழைய அடிச்சாயத் தூளில் நஞ்சு உண்டு. கொட்டகையில் பலர் வாயைக் கைக்குட்டையால்கூட மூடவில்லை. தக்க முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் அந்த வேலையைச் செய்தல் ஆகாது. நாம் இதைக் கூறியபோது பையன்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை.

உப்புத்தாள் வேலை நடந்துகொண்டிருந்தபோது பெரியவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழக்கம் அல்லவா? படகின் உடலை விரற் கணுவால் தட்டிக்கொண்டே அணியத்திலிருந்து அமரத்துக்கு, அதாவது முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு, நடந்தார். வலப்புறம், பட்டை இருந்த இடத்துக்குச் சற்று மேலே வந்ததும் நின்றார். மீண்டும் தட்டினார். மகனைக் கூப்பிட்டார். அவனும் தட்டினான். உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் பொள்ளென்று ஒலித்தது.

பையன் முகம் வெளுத்துவிட்டது. அதன் பொருள் அவனுக்குத் தெரியும். படகின் உடல் பல அடுக்குக் கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் தோய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. அந்த இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. எங்கேனும் பாறையிலோ துறைச் சுவரிலோ மோதியிருக்க வேண்டும். மேலே மயிரிழைபோல் ஒரு விரிசல்தான் தெரிந்தது. அதன்மேல் சாயம் ஏறிவிட்டால் அதுவும் தெரியாது. சொன்னால், நீதான் சுரண்டிக் கெடுத்தாய் என்பார்கள். வேலை தள்ளிப்போகும், பிடித்த கூலியும் வராது. அவன் நம்மைப் பார்த்தான். மேஸ்திரி அப்போது வெளியே போயிருந்தார். கொட்டகையில் எங்கள் மூவரையன்றி அந்த ஓசையைக் கேட்டவர் யாருமில்லை.

நாம் வாயைத் திறக்குமுன் பெரியவர் கேட்டார்: “இதில் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்றாயே, எத்தனை வயதுப் பிள்ளைகள்?”

“பத்து, பன்னிரண்டு இருக்கும் அப்பா.”

அதற்குமேல் பேச்சு நடக்கவில்லை. மேஸ்திரி திரும்பியதும் பையனே அவரை அழைத்துச் சென்று அந்த இடத்தைத் தட்டிக் காட்டினான். படகின் உரிமையாளருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து முதலில் சத்தம் போட்டார். யார் கெடுத்தது, எப்போது கெட்டது என்ற கேள்விகள் எல்லாம் எழுந்தன. மேஸ்திரி நிதானமாக ஒரு சிறு துரப்பணத்தால் அந்த இடத்தைத் திறந்தார். உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தது. முகர்ந்தால் காடியின் புளிப்பு வாடை. நெடுநாள் உள்ளே தங்கிய நீர் பிசினை அரித்தால்தான் அந்த வாடை வரும் என்றார். நேற்றோ முந்தாநாளோ கெட்டதல்ல என்பது அவ்வளவில் விளங்கிவிட்டது. உரிமையாளர் வாய் அடைத்து நின்றார். பையனிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பழுதுபார்க்கும் செலவை ஏற்றுக்கொண்டார்.

அந்த இடத்தைக் குடைந்து எடுத்து, நல்ல நீரால் கழுவி, பல நாள் உலரவிட்டு, புதிய கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே பட்டி வைத்துத் தேய்த்து முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இதற்கிடையே நாம் ஊர் திரும்பிவிட்டோம். பெரியவரும் திரும்பினார். ஆனால் இம்முறை பேருந்தில் அவருக்குப் பேச்சு ஓயவில்லை. நீர் குடிக்காத சுவரைப் பற்றித் திண்டிவனம் வரையில் பேசினார்.

பின்னர் ஒரு சிக்கல். பழைய பட்டை முழுவதும் தேய்ந்து போனதால், புதியதை எங்கே தீட்டுவது என்பதற்கு அடையாளம் இல்லை. படகின் உடல் வளைந்து வளைந்து போவது. நூல் பிடித்தால் நிற்காது. முன்னும் பின்னும் மட்டுமே, செங்கல் நிறச் சாயத்தின் விளிம்பில் பழைய நீர்க்கோடு எஞ்சியிருந்தது. சென்ற முறை பையன் பழைய பட்டையின் கீழ் விளிம்பைப் பின்பற்றி, எங்கும் ஒரே அகலத்தில் ஒட்டுநாடாவை ஒட்டித் தீட்டியிருந்தான். தொலைவிலிருந்து பார்த்தால் பின்பக்கம் பட்டை மெலிந்து சோர்ந்து தெரிந்ததாம். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

தொலைபேசியில் இதைக் கேட்ட பெரியவர் மறுநாளே பையில் ஒரு பொருளைச் சுருட்டி வைத்துக்கொண்டு புறப்பட்டார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற நீண்ட குழாய் அது. விலை சொற்பம். அதில் நீரை நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இடையே குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மதிலின் ஒரு மூலையில் போட்ட குறியை மறு மூலைக்கு எடுத்துச் செல்வது இதனால்தான்.

முதலில் கட்டைகளின் கீழே ஆப்பு வைத்து, அணியத்திலிருந்த பழைய குறியும் அமரத்திலிருந்த குறியும் ஒரே மட்டத்துக்கு வரும்படி படகை நிமிர்த்தினார்கள். இடம் வலம் சாயாமலும் பார்த்துக்கொண்டார்கள். அதாவது நீரில் எப்படி நிற்குமோ அப்படியே தரையில் நிற்கச் செய்தார்கள். பின்னர் பெரியவர் ஒரு முனையை அணியத்துக் குறியில் பிடித்துக்கொள்ள, மகன் மறு முனையோடு படகைச் சுற்றிவந்து சாணுக்கு ஒரு புள்ளி வைத்தான். கீழ் விளிம்பு முடிந்ததும், நான்கு விரல் உயர்த்தி மேல் விளிம்புக்கும் அதேபோல் மட்டம் பார்த்துப் புள்ளி வைத்தார்கள். இதிலேதான் பையனுடைய ஐயம் தீர்ந்தது. பின்பக்கத்தில் படகின் உடல் உட்புறமாகச் சரிகிறது. நிமிர்ந்த சுவரில் நான்கு விரல் உயரம் நான்கு விரல் அகலமே. சரிந்த சுவரில் அதே உயரம் ஏழு எட்டு விரல் அகலத்துக்கு விரியும். அகலத்தை ஒன்றாக வைத்தால் கண்ணுக்குக் கோணும். உயரத்தை ஒன்றாக வைத்தால் கண்ணுக்கு நேராகும். கோபுரத்தின் சரிவில் பட்டை அடித்தவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றவை விரைவில் முடிந்தன. சாதாரணக் காகித ஒட்டுநாடாவின் அடியில் சாயம் ஊறிவிடும் என்பதால், மெல்லிய வழுவழுப்பான நாடாவை வாங்கி, அதன் விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினார்கள். பனி ஆறிய காலை வேளையில், நண்பகலில் கடற்காற்று எழுந்து உப்பையும் மணலையும் வாரி இறைக்குமுன், நிழலில் வைத்தே தீட்டினார்கள். அடிப்பூச்சு ஒன்று, நீலம் மெல்லியதாக இரண்டு. இரண்டு திரவங்களைக் கலந்து தீட்டும் வகை அது. கலந்தபின் சில மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதால் சிறுகச் சிறுகக் கலந்தார்கள். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. இம்முறை பையன் முகமூடி அணிந்திருந்தான் என்று பெரியவர் நம்மிடம் குறிப்பாகத் தெரிவித்தார். கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாத, ஆனால் முற்றும் இறுகாத பதத்தில் இருக்கும்போதே நாடாவைப் பின்னோக்கி மடித்து மெல்ல உரித்தார்கள். சென்ற முறை இரவு முழுவதும் விட்டுவிட்டதால் விளிம்பு பிய்ந்து வந்ததாம்.

படகைப் பல நாள் கழித்தே நீரில் இறக்கினார்கள். நாம் அப்போது உடன் இல்லை. பெரியவர் போயிருந்தார். திரும்பி வந்து, பூசைப் பாத்திர அறையின் வாசலில் நின்றுகொண்டு, நடந்ததைக் கையால் வரைந்து வரைந்து சொன்னார். படகு இறங்கியதும் எல்லாரும் சாயம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்களாம். மேஸ்திரி மட்டும் பட்டைக்கும் நீருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்தாராம். அணியத்தில் மூன்று விரல் இடைவெளி இருந்தது. அமரத்தில் ஒரு விரல்கூட இல்லை. மட்டம் தவறிவிட்டதோ என்று பெரியவருக்கு உயிரே போய்விட்டதாம். பையன் படகில் ஏறிப் பின்பக்கத்து அறையைத் திறந்து பார்த்தான். உரிமையாளர் இரண்டு பெரிய தண்ணீர்த் தகரங்களையும் நங்கூரச் சங்கிலியையும் அங்கே திணித்து வைத்திருந்தார். அவற்றை எடுத்து நடுவில் வைத்ததும், சுற்றிலும் நீலத்துக்குக் கீழே இரண்டு விரல் செங்கல் நிறம் ஒரே சீராகத் தெரிந்தது.

பிடித்த கூலியில் பாதி இதுவரை வந்திருக்கிறது. மீதியைக் கேட்டு வாங்கித் தருமாறு பெரியவர் நம்மிடம் விண்ணப்பித்திருக்கிறார். அடுத்த முறை புதுச்சேரி செல்லும்போது அதையும் பார்க்க வேண்டும்.